அக்கி எழுதிய கன்னம்

என் கைபேசியைத் திறந்தால் சாமி படம் இருக்காது. சிரங்குதான் இருக்கும். காதுக்குப் பின்னால் சிரங்கு, அக்குளில் கட்டி, பிட்டத்தில் படர்தாமரை, கழுத்து மடிப்பில் வேர்க்குரு. புதுச்சேரியில் பிள்ளைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக, சொந்தக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள், அவர்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் வரைக்கும் எனக்குப் படம் அனுப்புவார்கள். நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை கிடையாது. படம் வரும், கூடவே ஒரு குரல் வரும்: "இது இன்னான்னு பாரு, அர்ஜென்ட்." நான் சோற்றில் கை வைத்திருக்கும்போதுதான் வரும்.

போனில் பார்த்துச் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா? டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதினால், "உனக்குத் தெரியாதா, சும்மா சொல்லு" என்பார்கள். சொன்னாலும் கேட்க மாட்டார்கள். புண்ணில் பவுடர் கொட்டாதீர்கள் என்றால் மஞ்சள் தூளைக் கொட்டுவார்கள். மஞ்சள் வேண்டாம் என்றால் பற்பசையைத் தடவிவிட்டு, எரியுதுன்னு பிள்ளை அழுவுது, இன்னா பண்றது என்று என்னையே கேட்பார்கள். தலையில் அடித்துக்கொள்வேன். ஆனாலும் பதில் போடாமல் இருந்ததில்லை.

இப்படி ஊர் உலகத்துப் புண்ணெல்லாம் என் போனுக்கு வந்தது. என் சொந்த அண்ணன் மகள் முகத்தில் வந்த புண் மட்டும் வரவில்லை. எனக்குத் தெரியக் கூடாது என்று குடும்பமே சேர்ந்து மறைத்தது. இதை எழுத உட்காரும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கோடையில் எங்கள் புறநோயாளிப் பிரிவில் பிள்ளைகளுக்குப் பொருக்குப் புண்ணாகவே வந்துகொண்டிருந்தது. வாயோரத்திலும் மூக்குக்குக் கீழேயும் சின்னக் கொப்புளம் வரும், உடையும், தேன் பாகு காய்ந்ததுபோல் மஞ்சளாகப் பொருக்குத் தட்டும். ஒரு பிள்ளை சொறிந்த கையால் இன்னொன்றைத் தொட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். வைத்தியம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பொருக்கை ஊற வைத்து, வலிக்காமல் எடுத்து, களிம்பு போட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். துண்டைத் தனியாக வைக்க வேண்டும். அதிகமாக இருந்தால் டாக்டர் மாத்திரை எழுதுவார். புண் ஆறும்வரை மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

வந்த பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் என் அண்ணன் மகளோடு மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் உட்காருகிறவர்கள். அவளுக்கு ஒன்பது வயது. அந்த வருடம் அவளுக்குப் புதுநன்மை. எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் கொம்முனியோன் என்றுதான் சொல்வார்கள். முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி, மண்டபத்தில் விருந்து. எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் என்றே சொல்லலாம்.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "அண்ணே, ஞானோபதேசத்துக்கு வர்ற பிள்ளைங்களுக்கு முகத்துல புண்ணு வருது. பாப்பாவுக்கு ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல" என்றான். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. போனை அண்ணியிடம் கொடுத்தான். அண்ணி கவுன் தைக்கக் கொடுத்ததைப் பற்றிப் பேசினார்கள். பாப்பாவிடம் கொடுங்கள் என்றேன். "நல்லா இருக்கேன் அத்தை" என்றாள். புண்ணு கிண்ணு ஏதாவது இருக்கா கண்ணு என்று கேட்டேன். பக்கத்தில் அண்ணியின் வளையல் சத்தம் கேட்டது. பிறகு, "இல்ல அத்தை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கிற ரெட்டியார்பாளையத்திலிருந்து மாம்பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். பிள்ளை தூங்குகிறாள் என்றார்கள். பகல் பதினொரு மணிக்கு எந்த ஒன்பது வயதுப் பிள்ளை தூங்கும்? வெயிலுக்கு அசந்துவிட்டாள் என்றார்கள். அறைக்கதவு சாத்தியிருந்தது. அண்ணி அந்தக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னிடம் பூ வளையத்தின் விலையைச் சொன்னார்கள். நானும் மாம்பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளையின் கன்னத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் புண். அண்ணி அதை அக்கி என்று முடிவு கட்டிவிட்டார்கள். தவளக்குப்பம் தாண்டி ஒரு ஊரில் மண்பானை செய்கிறவர் ஒருவர் அக்கி எழுதுவார். செங்காவியைத் தண்ணீரில் உரைத்து, புண்ணைச் சுற்றியும் அதன்மேலும் சிங்கம் போல ஒரு உருவத்தை எழுதிவிடுவார். அது அக்கியைத் தின்றுவிடும் என்று நம்பிக்கை. எழுதிய இடத்தில் தண்ணீர் படக் கூடாது. காவி தானாக உதிரும்வரை குளிக்கவும் கூடாது. கோயிலுக்குப் போகிற எங்கள் சனமும் இதற்கு விலக்கில்லை. கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு கன்னத்தில் சிங்கத்தை எழுதிக்கொண்டு வருவார்கள்.

எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் யாரையும் கூப்பிட்டு எழுதுவதில்லை. கொண்டுவந்த பிள்ளைக்கு எழுதினார். என் கோபமெல்லாம், காவிக்கு அடியில் புண் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க ஒரு ஆளில்லையே என்பதுதான். சிவந்திருக்கிறதா, பரவுகிறதா, சீழ் பிடித்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது. எல்லாமே சிவப்பு. நல்ல தண்ணீரும் துணியும் பட வேண்டிய இடத்தில் தண்ணீரே படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

என்னிடம் ஏன் மறைத்தார்கள்? தெரிந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வகுப்புக்கு அனுப்பாதே என்றிருப்பேன். வகுப்புக்கு வராத பிள்ளைக்கு அந்த வருடம் புதுநன்மை கிடையாது, அடுத்த வருடம்தான். அண்ணியின் அண்ணன், பிள்ளைக்குத் தாய்மாமனும் ஞானத்தகப்பனும் அவர்தான், பிரான்சிலிருந்து டிக்கெட் போட்டாயிற்று. மண்டபம் பிடித்தாயிற்று. "அவகிட்ட சொன்னா எல்லாத்தையும் கெடுத்துடுவா" என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அக்கி எழுதிய நாட்களில் மட்டும் ஏதோ காரணம் சொல்லி வீட்டில் வைத்திருந்து, காவி உதிர்ந்ததும், மிச்சமிருந்த பொருக்குமேல் பவுடரைப் பூசி வகுப்புக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் எக்கேடு கெட்டுப் போனால் என்ன?

புண் ஆறிவிட்டது. அக்கி போன இடம் தெரியவில்லை என்று அவர்களுக்குப் பெருமை. ஆனால் இந்தப் புண்ணில் ஒரு சூது உண்டு. தோலில் ஆறிய பிறகும், சில பிள்ளைகளுக்கு, சில வாரம் கழித்து அது சிறுநீரகத்தில் வேலையைக் காட்டும். காலையில் கண் இமை வீங்கும். சிறுநீர் குறையும், நிறம் மாறும். ரத்த அழுத்தம் ஏறும். மருந்து கொடுத்திருந்தால் இது வந்தே இருக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், வந்தாலும் வரும். ஆனால் புண் இருந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தால், தினமும் காலையில் அந்த முகத்தைப் பார்த்திருப்பேன். அது போதும்.

புதுநன்மை அன்று கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வந்தார்கள். எங்கள் பாப்பா என்னைக் கடந்து போனபோது, யாரோ வேறு பிள்ளை என்று நினைத்துவிட்டேன். முகம் உப்பியிருந்தது. இமை இரண்டும் கனத்து, கண் கோடாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "உங்க அண்ணன் பொண்ணு நல்லா சதை போட்டுடுச்சே, கன்னத்தைப் பாரேன்" என்று சந்தோஷப்பட்டாள். யேசுவே!  அதற்குப் பிறகு பூசையில் என்ன பாடினார்கள், என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து கோயில் வாசலில் படம் எடுத்தார்கள். போட்டோக்காரர், "கண்ணைத் திறம்மா, இன்னும் நல்லா திற" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் திறந்துதான் இருந்தாள். அவ்வளவுதான் அவளால் திறக்க முடிந்தது. "இன்னாம்மா, தூக்கமா?" என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து அவளைப் பிடித்து இழுத்தேன். வெள்ளை சாக்ஸைக் கீழே தள்ளிப் பார்த்தால், ரப்பர் பட்ட இடம் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. "தலை வலிக்குது அத்தை" என்றாள் மெதுவாக.

"அண்ணி, பாப்பா ஒன்னுக்கு எப்படிப் போறா? என்ன கலர்ல போறா?"

அண்ணிக்கு முகம் மாறியது. "நாலு பேர் நிக்கிற எடத்துல இன்னா பேச்சு இது? கோயில் வாசல்ல நிக்கிறோம்."

"முகத்தைப் பாருங்க அண்ணி. வீங்கியிருக்கு."

"காலையில சீக்கிரம் எழுப்பிட்டோம், அதான். விருந்து முடியட்டும், நாளைக்குப் பார்த்துக்கலாம்."

இந்த நாளைக்குப் பார்த்துக்கலாம் இருக்கிறதே, இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கும் நாளைக்கு, வாந்தியில் துவண்ட பிள்ளைக்கும் நாளைக்கு.

மண்டபத்தில் பிரியாணி வாசம் தூக்கியது. பிரான்சிலிருந்து வந்த தாய்மாமன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சு பாதி தமிழ் பாதியாக, எல்லோருக்கும் மெர்சி, நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை இலையைத் தொடவில்லை. நான் மேசையிலிருந்த ஒரு பிளாஸ்டிக் கிளாஸை எடுத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கவுனைத் தூக்கிப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும். கொஞ்சமாகத்தான் போனாள். பால் ஊற்றாத டீ போல இருந்தது.

"எத்தினி நாளா இப்படிப் போவுது கண்ணு?"

அவள் கதவைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியும். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தெரியும்.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கிளாஸ். நேரே மண்டபத்துக்குள் நடந்தேன். மூன்றடுக்குக் கேக் வைத்திருந்த மேசையில், கத்திக்குப் பக்கத்தில், அந்தக் கிளாஸை வைத்தேன். மைக் நின்றது.

"இது இன்னான்னு பாரு அண்ணே" என்றேன். "அர்ஜென்ட்."

 முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "உன் பொண்ணு மூத்திரம். ரத்தம் கலந்து போவுது. இவளுக்குப் புண்ணு வந்துச்சா இல்லியா? உண்மையைச் சொல்லு."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்தார்கள். தாய்மாமன்தான், பாவம், அவருக்கு மறைக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது, "இந்தாம்மா, அது அக்கி. எழுதி நல்லாயிடுச்சே! எனக்குப் போன்ல காட்டினாங்களே" என்றார்.

பாரீசுக்குப் போயிருக்கிறது படம். ரெட்டியார்பாளையத்துக்கு வரவில்லை.

நான் அன்றைக்கு என்னென்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. அடப்பாவிகளா என்றேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் பதில் சொல்கிற நான் உங்களுக்கு விரோதியா என்றேன். கவுனுக்குக் காட்டிய அக்கறையில் கால்பங்கு பிள்ளைக்குக் காட்டினீர்களா என்று கேட்டேன். அண்ணியின் சொந்தத்தில் ஒருத்தி, "நல்ல நாள்ல வாயை வெக்காத" என்றாள். உன் வாயைக் கொண்டுபோய் பிரியாணியில் வை என்று சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தாய்மாமன் வாடகைக்கு எடுத்திருந்த காரில் ஏறினேன். அண்ணன் ஓடிவந்து முன்னால் உட்கார்ந்தான். அண்ணி பின்னால் ஆட்டோவில் வந்தார்கள்.

வழியில் பிள்ளை என் மடியில் படுத்திருந்தாள். "அத்தை, எல்லாம் மங்கலா தெரியுது" என்றாள். கார்க்காரரிடம் ஹாரனை விடாமல் அடிக்கச் சொன்னேன். எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், என்னிடம் வேலை பழகியவள், எண்ணைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் டாக்டரைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் எங்கள் பாப்பாவுக்குக் கண் மேலே செருகியது. வலிப்பு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பூ வளையம் கழன்று கீழே விழுந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு வலிப்பு வந்து பக்கத்தில் நின்றிருக்கிறேன்.  அன்றைக்கு என்னை வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை. அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் கவுனைக் கத்தரித்து ஊசி ஏற்றினார்கள்.

மண்டபத்திலேயே கேக் வெட்டி முடித்துவிட்டு வந்திருந்தால் வலிப்பு அங்கே வந்திருக்கும். மைக்குக்கும் மேளத்துக்கும் நடுவில், கண்ணைத் திறம்மா என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதற்குமேல் நினைக்க எனக்குத் தெம்பில்லை.

பிழைத்துக்கொண்டாள். அழுத்தம் மெல்ல இறங்கியது, வீக்கம் வடிந்தது, சிறுநீர் வெளுக்கத் தொடங்கியது. இந்த நோயில் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள், நேரத்துக்குக் கொண்டுவந்தால். உப்பில்லாத கஞ்சியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். தண்ணீரையும் நான் அளந்துதான் கொடுத்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, வராந்தாவில் நின்று என்னைப் பற்றிப் பேசினார்கள். விருந்தைக் கெடுத்தேனாம். அவ கண்ணு பட்டுதான் பிள்ளை விழுந்துடுச்சு என்று ஒருத்தி சொன்னாளாம். வலிப்பைவிட அவர்களுக்குக் கேக் மேசைமேல் கிளாஸ் வைத்ததுதான் பெரிதாக இருந்தது. வைத்தேன். மறுபடியும் வைப்பேன்.

அண்ணி என்னோடு பேசவில்லை. அண்ணன் பேசுவான், ஆனால் சுற்றி வளைப்பான். "எங்களுக்கு இன்னா தெரியும், அக்கின்னு நெனைச்சோம்" என்பான். நினைத்தது தப்பில்லை அண்ணே, மறைத்ததுதான் தப்பு என்பேன். "பிள்ளை ஆசையா இருந்துச்சு, அதான்" என்பான். பழியைத் தூக்கிப் பிள்ளை தலையில் வைப்பான். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வரும்.

அவள் நன்றாக எழுந்து உட்கார்ந்த ஒரு சாயங்காலம், இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். அண்ணி துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சன்னலோரம் நின்றிருந்தான். நான் அவள் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, என் மேல கோவமா?"

"உன் மேல எதுக்குடா கோவம்?"

"புண்ணு இல்லன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்ல. அப்புறம் ஒன்னுக்கு டீ மாதிரி போனதையும் சொல்லல. சொன்னா புதுநன்மை கிடையாதுன்னு அம்மா சொன்னாங்க." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன் அத்தை. புதுநன்மைக்கு மொத நாள் சாமியார்கிட்ட போனோம்ல, அப்ப."

நகவெட்டியைக் கீழே வைத்தேன். செய்த பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பங்குச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்ல முடியாது. இந்த ஊரிலேயே யாரிடமும் சொல்ல முடியாத ஒரே மனிதரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"சாமியார் இன்னா சொன்னாரு?"

"ஒடனே போயி அத்தைகிட்ட சொல்லிடும்மான்னாரு. நான் அம்மாகிட்ட கேட்டேன். விருந்து முடியட்டும்னாங்க." அண்ணி மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். "அப்புறம் பொய் சொன்னதுக்குப் பரிகாரமா மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. முட்டி போட்டு சொல்லிட்டேன். தலை வலிச்சுது, இருந்தாலும் மூணையும் சொல்லிட்டேன்."

வீங்கிய காலை மடக்கி முட்டி போட்டிருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"அம்மாவும் அப்பாவும் எத்தினி மந்திரம் சொல்லணும் அத்தை?"

"தோ, நிக்கிறாங்க பாரு" என்றேன். "அவங்களையே கேளு."